பூட்டிய வீடுகளைத் திறந்து பார்க்க அனுமதி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பெரிய வீடுகள், அவர்கள் வெளியூரில் இருப்பதால் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் சில வீடுகளின் சாவி என்னிடம் இருக்கிறது. இளவயதில் கொத்தனார் வேலை பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு நன்றாக வரும். இடுப்பு வலி வந்து சாரம் ஏற முடியாமல் போனபிறகு, பூச்சு பூசிய வீடுகளையே பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவது, ஓடு சரிந்தால் ஆள் வைத்து மாற்றுவது, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டுக்காரர்கள் வருவதாகச் சொன்னால் தண்ணீர் நிரப்பித் தயாராக வைப்பது, இதுதான் வேலை.

மழை ஆரம்பித்தால் டெங்கு செய்தியும், தெருவில் புகை அடிக்கும் படமும் பத்திரிகைகளில் வருகின்றன. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஆட்டோ போகிறது. குடியிருக்கிற வீட்டுக்கு அது சரி. ஆள் இல்லாத வீட்டுக்குள் தேங்கும் தண்ணீரை யார் கொட்டுவது? செட்டிநாட்டில் டெங்குவைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொசு என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் சாக்கடையைக் காட்டுவார்கள், அடுத்து ஊருணியை. சாக்கடையில் வருகிற கொசு வேறு. அது ராத்திரியில் கடிப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருகிற ஏடிஸ் கொசு, உடம்பும் காலும் கறுத்து வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். அது தேடுவது தெளிந்த தண்ணீர், அதுவும் பாத்திரத்திலோ தொட்டியிலோ குழியிலோ அசையாமல் நிற்கிற தண்ணீர். கடிப்பது பகலில், காலையில் வெயில் ஏறும் முன்பும் பொழுது சாயும் முன்பும் அதிகமாக. ஊருணியில் காற்று அலை அடிக்கிறது, கெண்டையும் தவளையும் இருக்கின்றன, அங்கே இந்தக் கொசுவுக்கு வேலை இல்லை. ஆகவே ஊருணியில் மருந்து தெளிக்கச் சொல்லி மனுக் கொடுப்பதையும், கொசுப்புழுவைத் தின்னும் என்று எங்கிருந்தோ கம்பூசியா மீனைக் கொண்டுவந்து கொட்டுவதையும் விட்டுவிடலாம். அந்த மீன் நம் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

இந்தக் கொசு தூரம் பறக்காது என்பதுதான் முக்கியமான விஷயம். பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அப்படியானால் ஒரு தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தால், காரணம் அந்தத் தெருவிலோ அடுத்த தெருவிலோதான் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரு வீட்டுக்குள் கொசுப்புழு பிடித்தால் இரண்டு தெருவுக்கும் காய்ச்சல்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீர் விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தார்கள். கொத்தனாராக இருந்து பார்த்ததால் சொல்கிறேன். வளவு என்கிற நடு முற்றத்துக் கல்தரையில் ரசமட்டம் வைத்தால் ஒரு மூலையைப் பார்த்து வாட்டம் இருக்கும். அந்த மூலையில் சலதாரை, அதாவது தண்ணீர் வெளியே போகும் வழி. நாலு பக்கத்துச் சாய்ந்த கூரையான தாவாரத்திலிருந்தும் விழுகிற மழை, நின்று பார்ப்பதற்குள் வடிந்துவிடும். குடிப்பதற்கு வேண்டிய மழைத் தண்ணீரை அண்டா, கிடாரம் என்ற பெரிய பாத்திரங்களில் பிடித்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைப்பார்கள். தூசிக்காகக் கட்டியதோ பூச்சிக்காகக் கட்டியதோ, அந்தத் துணி கட்டிய பாத்திரத்தில் கொசு முட்டை இட முடியாது.

இப்போது அதே முற்றத்தைப் பாருங்கள். புறா இறகும் வேப்பஞ்சருகும் சேர்ந்து சலதாரை வாயை அடைத்துக்கொள்கின்றன. ஒரு மழைக்கே நாலு விரற்கடை தண்ணீர் முற்றம் முழுக்க நிற்கிறது. கல்தரை ஆதலால் சேறு கிடையாது, நல்ல தெளிந்த தண்ணீர். சுற்றிலும் இருட்டு, காற்றில்லை, பல்லியைத் தவிரத் தொந்தரவு இல்லை. கொசுவுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

முற்றத்தையாவது உள்ளே போனதும் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தப்புவது ஆட்டுரல் குழிதான். வீட்டின் மூன்றாம் கட்டுக்கு, அதாவது மூன்றாம் பகுதிக்குப் பின்னால் திறந்தவெளியில் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு ஆட்டுரல் கிடக்கும். கருங்கல்லும் கறுப்பு, குழிக்குள்ளும் கறுப்பு. மேலாகப் பார்த்தால் வெறும் தண்ணீர் என்றுதான் தோன்றும். செல்போன் டார்ச்சை அடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்க்க வேண்டும். அரை அரிசி நீளத்தில் புழு தெரியும், வால் பக்கத்துக் குழாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கையை மேலே நீட்டி நிழல் விழச் செய்தால் எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடிவிடும். கையை எடுத்துவிட்டுப் பொறுத்தால் மூச்சுவிட மறுபடி ஒவ்வொன்றாக மேலே வரும். சில, சுருண்டு தலை பெருத்துக் கிடக்கும். அது கூட்டுப்புழு. அது தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் கொசு பறக்கப் போகிறது என்று அர்த்தம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெக்கைக்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

ஆட்டுரலைக் கவிழ்க்க முடியாது. துணியால் ஒற்றித் தண்ணீரை எடுத்துவிட்டு, குழி நிறைய மணலைப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர்கள் வந்து மாவாட்டப் போவதில்லை, அப்படியே ஆட்டினாலும் மணலை அள்ளிவிட்டுக் கழுவிக்கொள்ளலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டின கல்தொட்டியில் அடியில் ஓட்டை போட்டுவிட்டேன். தாவாரத்துத் தகரம் நடுவில் தொய்ந்து போனால் அதிலும் தண்ணீர் நிற்கும், கீழே இருந்து பார்த்தால் தெரியாது. ஏணி போட்டுப் பார்க்க வேண்டும். பின்கட்டில் கிடக்கும் தேக்குச் சட்டங்களை மூடிய தார்ப்பாய் மடிப்பு, மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, புதிதாகக் கட்டிய கழிவறையின் ஃபிளஷ் டேங்க், செப்டிக் டேங்க் குழாயின் வாய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். குழாய் வாய்க்கு வலைத்துணி கட்டினால் போதும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டிகள் சில வீடுகளில் மூடி இல்லாமல் திறந்து கிடக்கின்றன. கிணற்றில் வருவது மலேரியாக் கொசு. அதற்கும் வலைதான்.

தண்ணீரைக் கொட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. இந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமாக இருக்கிற உள்பக்கச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. சித்திரை வெயிலில் வற்றிக் கிடந்த அண்டாவில் ஆவணி மழை விழுந்ததும், எந்தக் கொசுவும் வராமலே மறுநாள் புழு நெளிவது இதனால்தான். உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும்.

இதை எங்கள் ஊர் ஆச்சிமார்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் செய்துகொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலமோ வெள்ளிக்கிழமை காலையிலோ தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் வெளியே வந்துவிடும். புளியும் செங்கல் பொடியும் போட்டு உள்ளும் புறமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். கழுவாத குடத்தில் தண்ணீர் பிடித்தால் ஆச்சி அடுப்படிக்குள் விடமாட்டார். வாரத்துக்கு ஒரு தரம் என்பது, முட்டை கொசுவாகிற கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. சுகாதாரத் துறையும் அதே வாரக் கணக்கைத்தான் சொல்கிறது. பித்தளை போய் நீல நிற பிளாஸ்டிக் டிரம் வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. டிரம்முக்குப் பளபளப்பு தேவையில்லை, தேய்ப்பாரும் இல்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் பாதி டிரம்மைக் கொட்டவும் மனசு வராது. பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடிக்கிறோம். இது பெரிய வீட்டுக் குறை இல்லை, எங்கள் மாதிரி சின்ன வீட்டுக் குறை. தண்ணீரைக் கொட்ட வேண்டாம், வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு டிரம்மைத் தேய்க்கலாம். வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி வைக்கலாம். தண்ணீரில் கொசுப்புழு மருந்து ஊற்ற வருகிற பெண்களைத் தடுக்காமல் இருக்கலாம், அளவாக ஊற்றினால் அந்த மருந்தால் கெடுதல் இல்லை.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு டெங்கு வந்ததைச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்புப் படிக்கிற பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பூட்டிய ஒரு வீட்டுத் திண்ணையில்தான் விளையாடுவார்கள், வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். அந்த வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. காய்ச்சல் அனலாக அடித்தது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லி, பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் உடம்பு வலிக்கு என்று வேறு மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மகள் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். அன்று மத்தியானமே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான், தொடர்ந்து வாந்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் விடுகிற நேரம்தான் இந்த நோயில் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்றார். அந்த நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகுமாம், ரத்த அழுத்தம் இறங்கிவிடுமாம். சலைன் ஏற்றி, அடிக்கடி வந்து நாடி பார்த்துப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஓடி ஆடுகிறான்.

இதை எழுதுவதற்குக் காரணம், எங்கள் தெருவில் இன்னமும் காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்றுதான் நினைக்கிறார்கள். காய்ச்சல் இறங்கி ஒன்றிரண்டு நாளைக்கு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை அசந்து அசந்து தூங்குவது, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108க்கு போன் செய்துவிட வேண்டும். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுக்கிறவர்கள், அதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போட வேண்டாம். ஒரு தரம் வந்துவிட்டது, இனி வராது என்பதும் சரியில்லை. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. இரண்டாம் தரம் வேறு வகை வந்தால் முதல் தரத்தைவிடக் கடுமையாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், காய்ச்சல்காரரைத் தொட்டால் ஒட்டாது, ஆகவே ஒதுக்கி வைக்க வேண்டாம். ஆனால் பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் ஒரு வாரம், பத்து நாள் கழித்து அடுத்தவரைக் கடித்து நோயைக் கொடுக்கிறது.

பேரன் படுத்திருந்தபோதே டெங்கு வேலைக்கு வருகிற பெண்கள் எங்கள் தெருவை அலசினார்கள். திண்ணை வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பின்கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு சிமெண்ட் தொட்டி தெரிகிறது, பக்கத்தில் நிமிர்ந்தபடி இரண்டு கிடாரம். உள்ளே போக வழியில்லை. “பெரியப்பா, எப்ப வந்தாலும் நோட்டுல பூட்டுன வீடுன்னு எழுதிட்டுத்தான் போறோம்” என்று அந்தப் பெண்களில் ஒரு பிள்ளை வருத்தப்பட்டுச் சொன்னது. நான் விசாரித்து அந்த வீட்டுக்காரரின் நம்பரைப் பிடித்துப் பேசினேன். வரும்போது பார்த்துக்கொள்கிறோம், யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் பயமும் நியாயமானதுதான். பூட்டிய வீடுகளில் தூணும் நிலைக்கதவும் பித்தளைச் சாமானும் திருடு போவது எங்கள் பக்கத்தில் நடக்கிறது. நானே ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றி வருகிறவன். முகம் தெரியாத ஆளுக்கு வளவுக் கதவைத் திறக்க எனக்கும் மனம் வராது. அதனால் திருட்டுப் பயத்துக்கும் வழி சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

நான் பார்த்துக்கொள்கிற ஒரு வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரச் செட்டியார் சென்னையில் இருக்கிறார், முதலில் அவரும் தயங்கினார். அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே வீட்டுக்குள் வந்து சோதனை போட்டு, பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தாலும் அபராதம் போடுவார்கள், அங்கே ஒழுங்காக இருந்துகொண்டு சொந்த ஊரில் இப்படி விடலாமா என்று அப்பாவிடம் பேசினார். அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். பணியாளர்கள் வந்தால் நான் கதவைத் திறந்து, செட்டியாருக்கு வீடியோ காலில் போனைப் போட்டுவிட்டு, கூடவே நடப்பேன். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று அவர் கண் முன்னாலேயே பார்ப்பார்கள். அறைகளைத் திறக்கத் தேவையில்லை, தண்ணீர் நிற்பது எல்லாம் வெளியில்தான். பார்த்து முடித்துத் திரும்பப் பூட்டுகிறவரை அவர் போனில் இருப்பார். இப்போது அவரே, முற்றத்து மூலையைக் காட்டு, தாவாரத்தைக் காட்டு என்று கேட்கிறார். திண்ணை வீட்டுக்காரரும் இதைக் கேள்விப்பட்டு, அவர் உறவுக்காரர் ஒருவரை அனுப்பி அதே மாதிரி திறந்து காட்டச் சொன்னார். அந்தத் தொட்டியும் கிடாரமும் இப்போது கவிழ்ந்து கிடக்கின்றன.

பல வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் இல்லை என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரு வீட்டுக்குப் பத்து, பதினைந்து பங்காளிகள். ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் மலேசியா, ஒருவர் அமெரிக்கா. யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கேளுங்கள் என்கிறார்கள். பொதுச் சுகாதாரச் சட்டம் 1939லிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. கொசு உற்பத்தியாகிற தண்ணீரைப் பற்றி அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது, நோட்டீஸ் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் நோட்டீஸை யார் பெயருக்கு, எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுதான் ஊராட்சியில் திண்டாடுகிறார்கள். அந்த நேரத்தில் புகை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். பூட்டிய கதவைத் தாண்டி முற்றத்துப் புழுவை அது ஒன்றும் செய்யாது.

விலாசம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஊர் நகரத்தாரிடமும் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணும் புள்ளிக் கணக்கு இருக்கிறது. கோயில் வரி வாங்குவதற்கும் திருவிழாவுக்கு அழைப்பு அனுப்புவதற்கும் எந்தப் புள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நகரச் சிவன் கோயில் காரியக்காரர்கள் மனம் வைத்தால் ஒரு வீட்டுக்கு ஒரு பங்காளியை, தண்ணீர் விஷயத்துக்கு மட்டும் பொறுப்பு ஏற்கச் சொல்லலாம். சொத்துப் பங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளையார் நோன்புக்கு, சாமி கும்பிடுவதற்கு ஒன்று கூடுகிற இடங்களில் இந்தப் பேச்சை எடுக்கலாம்.

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். பொங்கலுக்கோ படைப்புக்கோ ஊருக்கு வந்து திரும்பும்போது அண்டா, கிடாரம், தவலை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள். சலதாரை வாய்க்குக் கம்பிவலை அடித்துவிடுங்கள், தாவாரத்தைப் பழுது பாருங்கள். சாவியை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். சுகாதாரப் பணியாளர்கள் வந்தால் அவர் கூட இருந்து திறந்து காட்டலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதில் உங்கள் போன் நம்பரையும் எழுதி, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற எங்களுக்கு வாரம் ஒருநாள் உள்ளே போய்த் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதையும் வேலையில் சேர்த்துவிடுங்கள், கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்கமாட்டோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓடு ஏறவோ சலதாரை குத்தவோ ஆள் கிடைக்காது. செய்வதை அதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வீடு பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்